டியூட்டிக்கு நடுவுல கிராண்ட் எழுதக் கத்துக்க முடியுமா? (நீளமான த்ரெட், பொறுமையா படிங்க)

1/
போன வாரம் ஒரு ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் மெசேஜ் அனுப்பியிருந்தாங்க. "சார், ஆராய்ச்சி நிதிக்கு விண்ணப்பம் எழுதுறது பத்தி ஒரு ஆன்லைன் கோர்ஸ் பாத்தேன். ஆறு வாரம், ஆறாயிரம் ரூபா. காலைல ஓபி, மதியம் ஃபீல்டு, வீட்ல ரெண்டு சின்னப் பசங்க. சேரலாமா? இல்ல வேஸ்ட்டா?"

நான் திருப்பி ஒண்ணுதான் கேட்டேன். "எந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போறீங்கம்மா?"

"அதை கோர்ஸ்ல சேர்ந்த பிறகு யோசிக்கலாம்னு இருக்கேன் சார்."

இந்த த்ரெட் அந்தப் பதிலுக்காகத்தான். அவங்களுக்கு மட்டும் இல்ல, வேலைக்கு நடுவுல இதைக் கத்துக்கணும்னு நினைக்கிற எல்லாருக்கும்.

2/
முதல்ல மருத்துவர் அல்லாத நண்பர்களுக்கு. கிராண்ட் அப்படின்னா ஒரு ஆய்வைச் செய்யறதுக்கு முன்னாடியே, "இதைச் செய்யப் போறேன், இதனால இன்னது தெரியவரும், இவ்வளவு செலவாகும், எனக்குக் கொடுங்க" என்று ஒரு அமைப்பிடம் கேட்பது. அந்த விண்ணப்பம்தான் புரோபோசல்.

நாங்க எம்.டி படிக்கும்போது தீசிஸ் எழுதறோம். அது நடந்து முடிஞ்சதைச் சொல்றது. புரோபோசல் அப்படியில்லை. இன்னும் நடக்காத ஒண்ணை, நம்மளை முன்னப்பின்ன தெரியாத ஒருத்தர் நம்பற மாதிரி எழுதணும். தீசிஸ் நல்லா எழுதினவங்ககூட இதுல தடுமாறுறது இதனாலதான். ரெண்டும் வேற வேற வித்தை.

3/
"இதெல்லாம் பெரிய ஆராய்ச்சி நிறுவனத்துல இருக்கிறவங்க வேலை. வார்டு பாக்குற நமக்கு எதுக்கு?" என்பீர்கள். ஒரு உதாரணம் சொல்றேன்.

ஸ்க்ரப் டைஃபஸ். நம்ம ஊர்ல உண்ணிக் காய்ச்சல்னு சொல்றோம். கடுமையான நிலையில வர்ற நோயாளிக்கு டாக்ஸிசைக்ளின் கொடுக்கிறதா, அசித்ரோமைசின் கொடுக்கிறதா, ரெண்டையும் சேர்த்தா? வருஷக்கணக்கா வார்டு ரவுண்ட்ஸ்ல ஆளுக்கு ஒண்ணு சொல்லிக்கிட்டு இருந்தோம். அவரவர் அனுபவம்தான் சாட்சி.

வேலூர் சி.எம்.சி மருத்துவர்கள் தலைமையில, இந்தியாவின் ஏழு மையங்கள்ல இதே கேள்வியை வச்சு ஒரு ஆய்வு நடந்தது. இன்ட்ரெஸ்ட் ட்ரையல்னு பேரு. முடிவு 2023-ல நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல வந்தது. தனித்தனியா ஒரு மருந்து கொடுத்த குழுக்கள்ல 47, 48 சதவீதம் பேருக்கு மோசமான விளைவு (மரணம், ஏழாம் நாளும் தீராத சிக்கல், அஞ்சாம் நாளும் தொடரும் காய்ச்சல், இதுல ஏதாவது ஒண்ணு). ரெண்டையும் சேர்த்துக் கொடுத்த குழுவுல 33 சதவீதம்.

அந்த ஆய்வுக்கு இந்தியா அலையன்ஸ் நிதி கொடுத்தது. அதாவது, நாம எல்லாரும் டீ குடிச்சிக்கிட்டே விவாதிச்ச ஒரு கேள்வியை, யாரோ உக்காந்து புரோபோசலா எழுதினாங்க. அதனாலதான் இன்னிக்கு நமக்குப் பதில் தெரியும்.

4/
இன்னும் பின்னாடி போனா, 1956-ல சென்னையில காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கினாங்க. ஐ.சி.எம்.ஆர், அன்றைய மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் எல்லாம் சேர்ந்து. அப்போ காசநோயாளிகளுக்குப் போதுமான படுக்கை கிடையாது. கேள்வி ரொம்ப எளிமை: "வீட்ல வச்சே மருந்து கொடுத்தா, சானடோரியத்துல படுக்க வச்ச அளவுக்குக் குணமாகுமா?"

193 நோயாளிகள். 1959-ல முடிவு வெளிவந்தது. வீட்டு சிகிச்சை சளைத்ததல்ல என்று தெரிந்தது. உலகம் முழுக்க காசநோய் சிகிச்சை மருத்துவமனைப் படுக்கையை விட்டு வீட்டுக்கு நகர்ந்ததுல இந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு.

கவனிங்க, அந்தக் கேள்வி நம்ம ஊரோட பற்றாக்குறையில பிறந்தது. நல்ல கேள்விகள் பாதி நேரம் அங்கிருந்துதான் வருது. ஆரம்ப சுகாதார நிலையத்துலயும் தாலுக்கா ஆஸ்பத்திரியிலயும் கேள்விக்குப் பஞ்சமே இல்லை. அதை எழுதத் தெரிஞ்ச ஆளுக்குத்தான் பஞ்சம்.

5/
இப்போ என் கதை. நானும் உண்ணிக் காய்ச்சல்லதான் ஆரம்பிச்சேன். எங்ககிட்ட வர்ற நோயாளிகள் பெரும்பாலும் எட்டாம் நாள், பத்தாம் நாள்தான் வருவாங்க. அக்குள்ல, தொடை இடுக்குல, மார்புக்குக் கீழ சிகரெட்டால சுட்ட மாதிரி ஒரு கருப்புப் பொருக்கு இருக்கும். எஸ்கர்னு சொல்வோம். அதை யாரும் துணியை விலக்கிப் பாத்திருக்க மாட்டாங்க. எனக்கு ஒரே ஆதங்கம். இதை ஆய்வு பண்ணியே ஆகணும்னு ஒரு நிதி அமைப்புக்கு விண்ணப்பம் போட்டேன்.

நாலு நைட் டியூட்டில எழுதினது. ஏழு நோக்கங்கள். காய்ச்சல் ஏன் தாமதமா வருது, எந்த மருந்து நல்லது, எந்த ஊர்ல அதிகம், உண்ணியைப் பிடிச்சு ஆராயறது, ஆஷா பணியாளர்களுக்குப் பயிற்சி, எல்லாம் ஒரே விண்ணப்பத்துல. பட்ஜெட்ல ரெண்டு லேப்டாப், ஒரு ஏசி.

நிராகரிச்சுட்டாங்க. மதிப்பாய்வாளர் எழுதினது மூணே வரி. அதோட சாரம்: உங்க கேள்வி எது என்று தெரியவில்லை, 400 நோயாளிகள் என்ற எண் எப்படி வந்தது என்று சொல்லவில்லை, ஏசி எதற்கு?

ஒரு வாரம் கோவத்துல இருந்தேன். அப்புறம் நிதானமா படிச்சப்போ மூணும் சரின்னு புரிஞ்சது.

6/
அதுக்கப்புறம்தான் தொலைதூரக் கல்வி பக்கம் போனேன். லீவு போட்டு டெல்லிக்கோ பெங்களூருக்கோ பயிற்சிப் பட்டறைக்குப் போற வசதி இல்லை. நான் போனா ஓபி யார் பாக்குறது?

கைக்கு எட்டுற தூரத்துல நல்ல விஷயங்கள் இருக்கு. அயப்பாக்கத்துல இருக்கிற ஐ.சி.எம்.ஆரின் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம், என்.பி.டி.இ.எல் வழியா உயிரி மருத்துவ ஆராய்ச்சி அடிப்படைப் படிப்பு நடத்துது. முதுநிலை மாணவர்களுக்குக் கட்டாயம்ங்கிறதால பேர் கேள்விப்பட்டிருப்பீங்க. அதுல ஆய்வுக் கேள்வியை உருவாக்குறது, மாதிரி அளவு, அறநெறி, கருத்துரு எழுதுறது எல்லாம் உண்டு. வீடியோ பாக்கக் காசு இல்லை, தேர்வுக்குத்தான் கட்டணம். உலக சுகாதார நிறுவனத்தோட சேர்ந்த டி.டி.ஆர் அமைப்பு, இருக்கிற சிகிச்சையைக் களத்துல எப்படிக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது என்பது பத்தின ஆய்வுக்கு ஒரு இலவச ஆன்லைன் படிப்பு வச்சிருக்கு. வளரும் நாட்டு ஆய்வாளர்களுக்காக இயங்குற ஆதர்எய்ட் அமைப்பும் எழுத்துப் பயிற்சிகளை ஆன்லைன்ல நடத்துது.

ஆக, காசு கட்டுறதுக்கு முன்னாடி இலவசமா கிடைக்கிறதைத் தீர்த்துட்டு வாங்க.

7/
இனிமே சொல்றதுதான் என் கருத்து. சிலருக்குப் பிடிக்காம போகலாம்.

தொலைதூரப் படிப்பு எலும்புக்கூட்டைக் கொடுக்கும். பின்னணி, இடைவெளி, நோக்கம், முறை, காலவரையறை, பட்ஜெட் என்று எது எங்க வரணும்னு தெரியும். அதுக்கு மேல அது தராது. எழுதறது எழுதித்தான் வரும். சீசேரியனை வீடியோ பாத்துக் கத்துக்கிட்டவங்க யாராவது இருக்கோமா? சீனியர் எதிர்ல நின்னு, "அங்க இல்ல, இங்க பிடி"ன்னு சொன்னதாலதான் கை பழகிச்சு.

புரோபோசலுக்கும் அதேதான். நீங்க எழுதின பக்கத்தை ஒருத்தர் படிச்சு, சிவப்பு மை அடிச்சு, "இந்த வரி எதுக்கு?"ன்னு கேக்கணும். அது நடக்காத கோர்ஸ் எதுவா இருந்தாலும், 1.5 ஸ்பீடுல வீடியோ ஓட்டி, வினாடி வினாவை முடிச்சு, சான்றிதழை ஸ்டேட்டஸ்ல வச்சு, மூணு மாசத்துல மறந்து போற கோர்ஸ்தான். நானே அப்படி ரெண்டு சான்றிதழ் வச்சிருக்கேன்.

8/
அதனால காசு கட்டுறதுக்கு முன்னாடி நாலு விஷயம் கேட்டுப் பாருங்க.

ஒண்ணு: என் வரைவை மனுஷங்க படிச்சுக் கருத்து சொல்வாங்களா? எத்தனை தடவை?
ரெண்டு: சொல்லிக் கொடுக்கிறவங்க சொந்தமா நிதி வாங்கியிருக்காங்களா, இல்ல மதிப்பாய்வுக் குழுவுல இருந்திருக்காங்களா?
மூணு: நிதி கிடைச்ச ஒரு முழு விண்ணப்பத்தையும், கிடைக்காத ஒண்ணையும் காட்டுவாங்களா?
நாலு: ஒரு வாரம் எமர்ஜென்சி டியூட்டி விழுந்தா, அடுத்த வாரம் தொடர முடியுமா?

முதல் கேள்விக்கு "இல்லை"ன்னா, மத்த மூணையும் கேக்கவே வேண்டாம். "சேர்ந்தா கிராண்ட் நிச்சயம்"னு யாராவது சொன்னா போனை வச்சிடுங்க.

9/
கோர்ஸ்ல சேர்றதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு. ஒரு பக்கம் எழுதுங்க. அமெரிக்காவின் என்.ஐ.ஹெச் விண்ணப்பத்துல நோக்கங்களுக்குன்னு ஒரே ஒரு பக்கம்தான் தர்றாங்க. அதை நம்ம பயிற்சிக்கு எடுத்துக்கலாம்.

அந்த ஒரு பக்கத்துல நாலு விஷயம் போதும். என்ன பிரச்சினை? இதுவரை என்ன தெரியும், எது தெரியாது? நான் சரியா எதைக் கண்டுபிடிக்கப் போறேன்? தெரிஞ்சா யார் எதை மாத்திச் செய்வாங்க?

கடைசிக் கேள்விலதான் நிறைய விண்ணப்பங்கள் படுத்துடுது. பதில் தெரிஞ்சும் யாரும் எதையும் மாத்தப் போறதில்லைன்னா, காசு கொடுக்கிறவங்க ஏன் கொடுக்கணும்?

என் ஏழு நோக்கங்கள் கடைசியில ஒண்ணாச்சு: "எங்க மருத்துவமனைக்கு வர்ற உண்ணிக் காய்ச்சல் நோயாளிகள்ல எத்தனை சதவீதம் பேர், வர்றதுக்கு முன்னாடி ரெண்டோ அதுக்கு மேலயோ இடத்துல சிகிச்சைக்குப் போயும் எஸ்கர் பாக்கப்படாம வந்திருக்காங்க?" அவ்வளவுதான். இதைச் சுருக்க எனக்கு ரெண்டு மாசம் ஆச்சு.

10/
மாதிரி அளவு. இந்த வார்த்தையைக் கேட்டாலே பாதிப் பேர் ஓடிடறோம். என்னோட 400 எப்படி வந்ததுன்னா, "பெரிய நம்பரா இருக்கட்டும்"னு போட்டது!

சதவீதம் கண்டுபிடிக்கிற ஆய்வுக்குக் கணக்கு எளிமை. பாதிப் பேருக்கு அப்படி இருக்கலாம்னு (50 சதவீதம்) எடுத்துக்கிட்டு, 95 சதவீத நம்பகத்தன்மையில, கூடக்குறைய 5 சதவீதத்துக்குள்ள விடை வேணும்னா 385 பேர் வேணும். 7 சதவீதம் போதும்னா 196. 10 சதவீதம் போதும்னா 97.

எங்க ஆஸ்பத்திரிக்கு வருஷத்துக்கு நூறு பேர் வர்றாங்கன்னு வச்சுக்கோங்க. 385-ன்னு எழுதினா நாலு வருஷம் ஆகும். 196-ன்னா ரெண்டு வருஷம். இப்படி நம்ம ஓபி ரெஜிஸ்டரைப் பாத்து எண்ணை நியாயப்படுத்தி எழுதினா, மதிப்பாய்வாளருக்கு "இவருக்கு களம் தெரியும்"னு ஒரு நம்பிக்கை வரும். இதுல நமக்குத்தான் அனுகூலம். அந்த ரெஜிஸ்டர் நம்ம கையிலதான் இருக்கு.

11/
இன்னும் ரெண்டு விஷயம், கோர்ஸ்ல மேலோட்டமா சொல்லிட்டுப் போயிடுவாங்க.

பட்ஜெட்: ஒவ்வொரு ரூபாய்க்கும் ஆய்வு முறையில ஒரு வரி இருக்கணும். முறையில இல்லாத பொருள் பட்ஜெட்ல இருந்தா (என் ஏசி மாதிரி) அங்கேயே மரியாதை போச்சு. அதே சமயம் ரொம்பக் குறைச்சும் போடாதீங்க. தரவு சேகரிக்க ஆள் சம்பளம் போடாம, "நானே பாத்துக்கிறேன்"னு எழுதினா யாரும் நம்ப மாட்டாங்க. நீங்களே நம்ப மாட்டீங்க.

கையெழுத்து: ஆய்வு அறநெறிக் குழு ஒப்புதல், நிறுவனத் தலைவரின் பரிந்துரைக் கடிதம் இதெல்லாம் கேப்பாங்க. ஒரு தடவை விண்ணப்பம் முழுசா ரெடி, கடைசித் தேதி அன்னிக்கு கையெழுத்துப் போட வேண்டியவர் மீட்டிங்குக்குப் போயிட்டார். ஒரு வருஷம் போச்சு. கடைசித் தேதிக்கு ஒரு மாசம் முன்னாடியே காகிதத்தைக் கையில பிடிச்சுக்கிட்டு அலைய ஆரம்பிச்சிடுங்க.

12/
"நேரம்?" இதுதான் எல்லாரோட கேள்வியும்.

தினமும் ரெண்டு மணி நேரம் ஒதுக்குங்கன்னு நான் சொல்ல மாட்டேன். சொல்றவங்க ஓபி பாத்ததில்லைன்னு அர்த்தம். நான் செஞ்சது: வாரத்துல மூணு நாள், அரை மணி நேரம், மத்தியான ஓபி முடிஞ்சு வீட்டுக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி. போன் சைலண்ட். அந்த அரை மணில வீடியோ பாக்க மாட்டேன், எழுத மட்டும்தான். வீடியோவை பஸ்ல போகும்போது காதுல கேட்டுக்குவேன். கூட ஒரு நண்பர், மகப்பேறு மருத்துவர். ஞாயித்துக்கிழமை காலைல ஒருத்தர் பக்கத்தை இன்னொருத்தர் படிப்போம். அவருக்கு உண்ணிக் காய்ச்சல் தெரியாது, எனக்கு அவர் துறை தெரியாது. அதுதான் நல்லது. அவருக்குப் புரியாத வரி எல்லாம் உண்மையிலேயே மோசமா எழுதின வரிதான்.

கணக்குப் போட்டா மாசம் ஆறு மணி நேரம்தான். நாலு மாசத்துல ஒரு உருப்படியான வரைவு வந்துச்சு.

13/
"இப்போதான் ஏஐ இருக்கே, அதுகிட்ட கொடுத்தா எழுதிடுமே?"

இலக்கணம் திருத்த, நீளமான வாக்கியத்தைச் சுருக்க நானும் பயன்படுத்துறேன். ஆங்கிலத்துக்குப் பயந்து ஒதுங்கினவங்களுக்கு அது பெரிய உதவி, மறுக்கல. ஆனா உங்க ஊர்ல நோயாளி ஏன் பத்தாம் நாள் வர்றார்னு அதுக்குத் தெரியாது. அழகா, வழவழன்னு, எந்த ஊருக்கும் பொருந்துற மாதிரி எழுதிக் கொடுக்கும். எந்த ஊருக்கும் பொருந்துற விண்ணப்பத்தை யாரும் தேர்ந்தெடுக்க மாட்டாங்க. நிதி அமைப்புகளும் விழிச்சிடுச்சு. 2025 செப்டம்பர் 25 முதல், பெரும்பகுதி ஏஐ எழுதின விண்ணப்பத்தை விண்ணப்பதாரரோட சொந்தச் சிந்தனையா ஏத்துக்க மாட்டோம்னு என்.ஐ.ஹெச் அறிவிச்சது. கூடவே ஒரு ஆய்வாளர் வருஷத்துக்கு ஆறு விண்ணப்பம்தான் போடலாம்னும் வரம்பு வச்சது.

இன்னொண்ணு, கெஞ்சிக் கேட்டுக்கிறேன்: நோயாளி விவரங்களை அதுல போடாதீங்க.

14/
ஒரு நியாயமான கோபத்தையும் சொல்லிடறேன். "ஏற்கெனவே முதுகு ஒடியுது, இதையும் என் சொந்த நேரத்துல, சொந்தக் காசுல கத்துக்கணுமா?"

கத்துக்க வேண்டிய நிலை இருக்கக் கூடாது. வாரத்துக்கு ஒரு மதியம் ஆய்வுக்குன்னு ஒதுக்கினா, மாவட்டத்துக்கு ஒரு புள்ளியியல் ஆலோசகர் இருந்தா, கேள்விகள் கொட்டும். பெரிய நகரத்துல, பெரிய நிறுவனத்துல இருக்கிறவங்களுக்குப் பக்கத்து அறையிலயே கிராண்ட் வாங்கின சீனியர் இருப்பார். காரிடார்ல நடக்கும்போதே கத்துக்குவாங்க. நமக்கு அந்தக் காரிடார் இல்லை. தொலைதூரப் படிப்பு அந்தக் குறையைக் கொஞ்சம் அடைக்குது, முழுசா இல்லை.

இது மாறணும்னு கேட்டுக்கிட்டே இருப்போம். ஆனா மாறும் வரைக்கும் காத்திருந்தா, நம்ம நோயாளிகளைப் பத்தின கேள்விகளை நம்ம நோயாளிகளைப் பாக்காதவங்கதான் எழுதுவாங்க. நிதியும் அந்தக் கேள்விகளுக்குத்தான் போகும். எனக்கு அதுல உடன்பாடு இல்லை.

15/
என் கதை என்னாச்சுன்னு கேப்பீங்க. ரெண்டாவது தடவையும் கிடைக்கல. ஆனா இந்தத் தடவை மதிப்பாய்வாளர் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தார். அதைத்தான் என் முதல் வெற்றியா நினைக்கிறேன். மூணாவது தடவை, ஒரு சின்னத் தொகை கிடைச்சது. ஏசி கேக்கல!

ஆய்வு நடந்துக்கிட்டு இருக்கு. முடிவு இன்னும் வரலை. ஆனா எங்க ஓபில இப்போ காய்ச்சல்னு வர்றவங்களுக்கு நர்ஸ் அக்கா ஸ்கிரீனுக்குப் பின்னாடி கூட்டிட்டுப் போய் அக்குளையும் இடுக்கையும் பாத்துட்டுத்தான் சீட்டுல எழுதறாங்க. கேள்வியை ஒழுங்கா எழுதினதுலயே அவ்வளவு மாறுச்சு.

16/
அந்த ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் ரெண்டு நாள் கழிச்சு மெசேஜ் போட்டாங்க.

"சார், எங்க ஏரியால கர்ப்பிணிகள் இரும்புச்சத்து மாத்திரை வாங்கிட்டுப் போறாங்க, ஆனா ஹீமோகுளோபின் ஏற மாட்டேங்குது. கேட்டா, காலைல வெறும் வயித்துல போட்டா குமட்டுது, அதோட நூறு நாள் வேலைக்குப் போக முடியலைங்கிறாங்க. இப்படி எத்தனை பேர் நிறுத்திடறாங்க? ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் போடச் சொன்னா மாறுமா?"

"இப்போ சேருங்கம்மா"ன்னு பதில் போட்டேன். "ஆனா அந்த நாலு கேள்வியைக் கேட்டுட்டு. உங்க முதல் பக்கத்தை எனக்கு அனுப்புங்க, சிவப்பு மை நான் போடறேன்."

17/
உங்களுக்கும் இதேதான். நாளைக்கு ஓபில ஏதாவது ஒரு நோயாளியைப் பாத்து, "இவங்களுக்கு ஏன் எப்பவும் இப்படியே ஆகுது?"ன்னு தோணும். சும்மா விடாதீங்க. பிரிஸ்கிரிப்ஷன் பேடோட பின்பக்கத்துல ஒரு வரி எழுதி பாக்கெட்ல வைங்க. ஒரு மாசத்துல அப்படி பத்து சேரும். அதுல ஒண்ணு உங்களைத் தூங்க விடாது. அதை எடுத்துக்கிட்டு கோர்ஸ்ல சேருங்க.

ஏற்கெனவே இப்படி ஒரு படிப்பு முடிச்சவங்க இருந்தா, உங்க வரைவை யாராவது படிச்சுத் திருத்தினாங்களான்னு மட்டும் கீழே எழுதுங்க. அடுத்து சேர நினைக்கிறவங்களுக்கு அது உதவும்.

நைட் டியூட்டி இருக்கு, கிளம்பறேன்.